ஷாவின் முகத்தில் குத்திய முத்திரை

1915 ஆகஸ்ட் 15 அன்று புஷேர் தபால் நிலையத்தில் விற்ற தபால் தலைகளில் பாரசீக மன்னர் அகமது ஷாவின் முகம் எப்போதும்போல இருந்தது. அந்த முகத்தின் மேலேயே ஆங்கிலத்தில் மூன்று வரி அச்சடித்திருந்தார்கள்: புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின் கீழ். முதல் உலகப் போரில் யார் பக்கமும் சேரமாட்டோம் என்று ஒன்பது மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்ட நாட்டின் தபால் தலை அது. அக்டோபர் நடுவில் நகரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் முத்திரை குத்துவது நின்றது. இன்று அந்தத் தலைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை. அதனாலேயே போலிகளும் ஏராளம்.

அந்தத் தபால் தலை விற்ற ஊரைப் பார்க்கத்தான் தெஹ்ரானிலிருந்து புஷேருக்கு விமானம் ஏறினேன். போகும்போது வான்வழி, திரும்பும்போது ஷிராஸ், இஸ்ஃபஹான், கோம் என்று தரைவழி. 1915-இல் பிரிட்டனின் போர் இந்தக் கடற்கரையில்தான் கரையேறி, மெல்ல மெல்ல மேட்டுநிலத்தில் இந்தச் சாலையோர ஊர்கள் வரை பரவியது.

பழைய புஷேர் கடலுக்குள் நீண்ட ஒரு மூக்கில் இருக்கிறது. சந்துகள் குறுகல், கடற்காற்று நுழைந்து போவதற்கென்றே அப்படி வளைத்திருக்கிறார்கள். மாடிகளில் ஷனாஷீர் என்னும் மரச்சட்டப் பலகணிகள். பாதி வீடுகளைச் செப்பனிட்டு உணவகமாகவும் கலைக்கூடமாகவும் ஆக்கிவிட்டார்கள், மீதிப் பாதி உதிர்ந்துகொண்டிருக்கிறது. செய்திகளில் நாம் கேள்விப்படும் அணுமின் நிலையம் இதே கடற்கரையில் சற்றுத் தெற்கே. மதியச் சாப்பாட்டுக்குக் கலியே மாஹி வாங்கினேன். புளி கரைத்து, கொத்தமல்லித் தழையும் வெந்தயக் கீரையும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்த மீன். நம் வீட்டு மீன்குழம்பு பச்சை நிறத்தில் வந்தால் எப்படியோ அப்படி. ஈரானின் உள்நாட்டு ஊர்களில் இந்தப் புளி வாசனை கிடைக்காது. இந்தியாவோடு கப்பல் வணிகம் செய்த கடற்கரைக்கு வாய்த்த ருசி இது.

வணிகம் மட்டுமில்லை, ஆட்சியும் இந்தியா வழியாகத்தான் இங்கே வந்தது. புஷேரில் உட்கார்ந்து வளைகுடா முழுவதையும் மேய்த்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இந்திய அரசுக்குக் கட்டுப்பட்டவர். அவருடைய காவலுக்கு இந்திய சிப்பாய்கள். 1864-இல் கராச்சியிலிருந்து வளைகுடா வழியாக அதன் தலைமுனையிலுள்ள ஃபாவ் வரை போட்ட தந்திக் கம்பி இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போனது. பிரிட்டனைப் பொறுத்தவரை புஷேர் என்பது இந்தியாவின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரு மூலை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுப் பாரசீகத்தைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குக்கு, தென்கிழக்கு பிரிட்டனுக்கு, நடுவில் இருப்பது நடுநிலைப் பகுதி. பாரசீகத்தை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 1908 மே மாதம், அந்த நடுநிலைப் பகுதியில் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அதற்குப் பணம் போட்டது பர்மா ஆயில் கம்பெனி. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் சுட்டுக் கொளுத்தியதும் இதே கம்பெனியின் தொட்டிகளைத்தான். போர் மூள்வதற்குச் சற்று முன்புதான் பிரிட்டிஷ் அரசே, அந்த எண்ணெய்க்காக உருவான ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருந்தது; கடற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்தவர் சர்ச்சில். அபாதான் சுத்திகரிப்பு ஆலை பாரசீக மண்ணில். அதைக் காக்க என்று சொல்லி 1914 நவம்பரில் இந்தியப் படை ஃபாவில் இறங்கியது.

அகமது ஷாவின் நடுநிலை அறிவிப்பு வந்ததும் அதே நவம்பர் முதல் தேதியில்தான். மன்னருக்கு வயது பதினாறு, முடிசூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வடக்கே தப்ரீஸ் பக்கம் ரஷ்யப் படை பல ஆண்டுகளாக முகாமிட்டிருந்தது. நீங்கள் போனால்தான் துருக்கியர் உள்ளே வரச் சாக்கு இருக்காது, தயவுசெய்து கிளம்புங்கள் என்று பாரசீகம் ரஷ்யாவிடம் கேட்டது. நாங்கள் போனபின் அவர்கள் வரமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று பதில் வந்தது. சில வாரங்களில் துருக்கியர் வந்தார்கள், தப்ரீஸைப் பிடித்தார்கள். ஜனவரி முடிவதற்குள் ரஷ்யர் திரும்பப் பிடித்தார்கள். அந்தப் பதிலைவிடச் சுருக்கமாக அந்தப் போரின் தர்க்கத்தை யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பேரரசும் இன்னொன்று வந்துவிடும் என்பதையே தான் வருவதற்குக் காரணமாகக் காட்டியது. காட்டிய காரணம் பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

புஷேரிலும் அப்படித்தான். 1915 மார்ச்சில் பிரிட்டிஷார் ஜெர்மன் கான்சல் லிஸ்டெமானை அவர் வீட்டிலேயே பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். வேறொருவரின் நாட்டில், வேறொருவரின் சட்டத்துக்கு உட்பட்ட ஊரில், எதிரியின் தூதரைக் கைது செய்கிறோமே என்ற கூச்சம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அதே நாட்களில்தான் புஷேரின் முன்னாள் ஜெர்மன் கான்சல் வில்ஹெல்ம் வாஸ்முஸ், பெஹ்பஹான் அருகே பிடிபட்டு, இரவோடு இரவாகத் தப்பி, மூட்டை முடிச்சுகளை விட்டுவிட்டு ஓடினார். அந்த மூட்டையில் ஜெர்மன் சங்கேதப் புத்தகம் இருந்தது, அதை வைத்துத்தான் பின்னாளில் லண்டனில் ஜெர்மன் தந்திகளைப் படித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாயிருக்கும், வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

வாஸ்முஸைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. உள்ளூர் உடை, உள்ளூர் மொழி, கெய்சரோடு கம்பியில்லாத் தந்தியில் பேசுவதுபோல நடித்துப் பழங்குடித் தலைவர்களை மயக்கினார் என்பது வரை. கெய்சர் முஸ்லிமாகிவிட்டார், ஹாஜி வில்ஹெல்ம் என்று பெயர் என்ற புரளியும் அந்த நாளில் கடைத்தெருக்களில் உலவியது. ஆங்கில எழுத்தாளர்கள் அவரை ‘ஜெர்மன் லாரன்ஸ்’ ஆக்கி ரசித்தார்கள். எதிரியை மாவீரனாக்கினால் அவனிடம் பட்ட அடி வலிக்காது போலும். இந்தக் கதைகளில், புஷேரை ஒட்டிய தங்கிஸ்தான் பகுதியின் மக்கள் துப்பாக்கி தூக்கும் கூட்டம், அவ்வளவே. அதை நேர்செய்துகொள்ள தில்வாருக்குப் போக வேண்டும்.

புஷேரிலிருந்து தெற்கே கடலோரமாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் பேரீச்சந் தோப்புகள், அவற்றுக்குப் பின்னால் வெளிறிய மலைகள். தில்வார் சின்ன ஊர். பிரிட்டிஷாரை எதிர்த்த தங்கிஸ்தான் ஆட்களின் தலைவர் ரயீஸ் அலி தில்வாரியின் வீடு இப்போது அருங்காட்சியகம். தடித்த சுவர்கள், நடுவில் முற்றம், கண்ணாடிக்குள் துப்பாக்கிகளும் கடிதங்களும். ஈரானியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும்.

1915 ஜூலை 12 அன்று தங்கிஸ்தான் ஆட்கள் புஷேருக்கு வெளியே பிரிட்டிஷார்மீது பாய்ந்தார்கள். இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் இறந்தார்கள். ஆகஸ்ட் 8-இல் பிரிட்டன் புஷேரையே எடுத்துக்கொண்டது. தபால் தலை முத்திரை இதற்குப் பின்னர்தான். அதே மாதம் ஜூனோ முதலான போர்க்கப்பல்கள் தில்வாருக்கு வந்து குண்டு வீசின, படை இறங்கிக் கோட்டையை இடித்தது, பேரீச்ச மரங்களையும் வெட்டியது. மரம் வெட்டியதை இங்கே இன்னும் தனியாகச் சொல்கிறார்கள். பேரீச்சை காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். வீட்டை ஒரு பருவத்தில் கட்டிவிடலாம். செப்டம்பர் 3 இரவு, புஷேர் முகாமை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயீஸ் அலியை அவர் பக்கத்து ஆள் ஒருவனே பின்னாலிருந்து சுட்டான். வயது முப்பத்து மூன்று.

அருங்காட்சியகத்தில் ஒரு முதியவர் என்னோடு அறை அறையாக வந்தார். நான் இந்தியன் என்றதும் முகம் மலர்ந்தது, உடனே ஒரு சிரிப்பு.

“கப்பலிலிருந்து இறங்கினவர்களில் உங்கள் ஆட்கள் நிறைய இருந்தார்கள், தெரியுமா?”

“தெரியும் ஐயா. பேரார் படைப்பிரிவு.”

“அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கள் ஆட்களிலும் சம்பளத்துக்குச் சுட்டவர்கள் இருந்தார்கள்” என்று சேர்த்துக்கொண்டார்.

தங்கிஸ்தானின் உள்பகுதியில் மலையடிவாரத்தில் அஹ்ராம். இங்கேதான் பெரிய மனிதர் ஒருவர் மாதக்கணக்கில் சிறையிருந்தார். ஷிராஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ஃபிரெடரிக் ஓ’கானர், யங்ஹஸ்பெண்டின் படையோடு 1904-இல் திபெத்தின் லாசாவுக்குள் நுழைந்தவர். 1915 நவம்பர் 10 அன்று ஷிராஸின் ஜென்டார்மரி அவரையும் அங்கிருந்த ஆங்கிலேயரையும் கைது செய்தது. பெண்களைப் புஷேருக்கு அனுப்பிவிட்டு ஆண்களை அஹ்ராம் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். மார்ச்சில் புஷேரில் ஜெர்மன் கான்சலுக்கு நடந்தது நவம்பரில் ஷிராஸில் ஆங்கிலேயக் கான்சலுக்கு. மறு ஆண்டு ஆகஸ்டில் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலை.

ஜென்டார்மரி என்பது பாரசீக அரசின் சொந்தப் படை. அதற்கு அதிகாரிகள் சுவீடனிலிருந்து வந்தவர்கள். சுவீடனும் நடுநிலை நாடுதான்! ஆனால் அந்த அதிகாரிகள் பலருக்கு மனம் ஜெர்மனி பக்கம். அரசின் இன்னொரு படையான கசாக் பிரிகேடுக்கு அதிகாரிகள் ரஷ்யர்கள். ஒரே அரசின் சம்பளத்தில் இரண்டு படைகள், இரண்டும் வெவ்வேறு பேரரசின் கையில். தன் நடுநிலையைக் காக்கத் தன் கையில் ஒரு துப்பாக்கிகூட இல்லாத அரசு அது.

புஷேரிலிருந்து ஷிராஸுக்கு இப்போது நல்ல சாலை. பராஸ்ஜான், காஸ்ரூன் வழியாகப் பேருந்து போகிறது. பழைய கழுதைப் பாதையின் கணவாய்களுக்குக் ‘கன்னி’, ‘கிழவி’ என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் செங்குத்துகளில் பீரங்கியை ஏற்றுவதே ஒரு போர். உச்சிகளில் உட்கார்ந்திருக்கும் கஷ்காய் பழங்குடியினரும் காஸ்ரூனி ஆட்களும் வழிவரி கேட்பார்கள். பிரிட்டிஷாரும் கடைசியில் நேராக ஏறவில்லை. 1916 மார்ச்சில் பெர்சி சைக்ஸ் கிழக்கே பந்தர் அப்பாஸில் சில அதிகாரிகளோடு இறங்கி, உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, தென் பாரசீகத் துப்பாக்கிப் படை என்று ஒன்றை உருவாக்கி, கெர்மான், இஸ்ஃபஹான் என்று சுற்றிக்கொண்டு நவம்பரில் ஷிராஸ் போய்ச் சேர்ந்தார். நடுநிலை நாட்டில் இப்படித்தான் மூன்றாவதாக ஒரு படை முளைத்தது.

ஷிராஸில் நாரஞ்சஸ்தான் தோட்டத்தைப் பார்க்காத பயணி கிடையாது. நாரத்தை மரங்கள், கண்ணாடிச் சில்லு பதித்த தாழ்வாரம், கல்யாணப் படம் எடுக்கும் ஜோடிகள். அந்த மாளிகையின் சொந்தக்காரர்களான கவாம் குடும்பம் பிரிட்டன் பக்கம். 1915-இல் ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தலைவர், மறு ஆண்டு பிரிட்டிஷ் ஆயுதமும் பணமும் பெற்றுத் திரும்பினார். வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். மகன்தான் ஷிராஸுக்குள் நுழைந்தார். சுற்றுலா வழிகாட்டிகள் கண்ணாடி வேலைப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இஸ்ஃபஹானைப் பற்றி எழுதப்பட்டது போதும். 1915-இல் அங்கே ரஷ்யத் துணைக் கான்சல் கொல்லப்பட்டார், ஆங்கிலேயக் கான்சல் ஜெனரல்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஊர் சில மாதங்கள் ஜெர்மானியர் கையில் இருந்தது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். நமக்கு நெருக்கமான கிளைக்கதை ஒன்று அந்த ஊரின் கிழக்கேயிருந்து தொடங்குகிறது.

1915 கோடையில் நீடர்மாயர், ஹென்டிக் என்ற இரண்டு ஜெர்மானியர் தலைமையில் ஒரு தூதுக்குழு கவீர் உப்புப் பாலைவனத்தைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்குப் போனது. ஆப்கானிஸ்தானும் நடுநிலை. அமீர் ஹபிபுல்லாவைப் பிரிட்டிஷ் இந்தியாமீது படையெடுக்கவைப்பது நோக்கம். கூடவே இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட ராஜா மகேந்திர பிரதாப்பும் மௌலவி பர்கத்துல்லாவும். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று காபூலில் அவர்கள் அறிவித்த இந்தியத் தற்காலிக அரசில் வெளியுறவு அமைச்சராகப் பெயரிடப்பட்டவர், திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை. எம்டன் சென்னையைச் சுட்டபோது அவர் கப்பலில் இருந்தார் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. காபூல் பதவி மட்டும் காகிதத்தில் நிஜம்.

அமீர் ஹபிபுல்லா கெட்டிக்காரர். விருந்தாளிகளைப் பாபர் தோட்டத்தில் தங்கவைத்தார், காத்திருக்கவைத்தார், பேசினார், 1916 ஜனவரியில் ஓர் ஒப்பந்த வரைவுக்குக்கூடத் தலையசைத்தார். படையை மட்டும் அனுப்பவில்லை. மறுபுறம் பிரிட்டனிடமிருந்து வரவேண்டிய மானியத்தை வாங்கிக்கொண்டிருந்தார். மே மாதம் ஜெர்மானியர் வெறுங்கையோடு கிளம்பினார்கள். பாரசீகத்தால் செய்ய முடியாததை அவர் செய்தார் என்றால், இரண்டு பக்கத்தாரும் அவரைக் கண்டு கொஞ்சம் பயந்தார்கள் என்பதுதான் காரணம்.

இந்தக் குழுவைப்போல இன்னொன்று போய்விடக் கூடாது என்று பாரசீகத்தின் கிழக்கு விளிம்பு நெடுக பிரிட்டன் ஒரு காவல் வரிசை போட்டது. 1916-இல் அதன் சீஸ்தான் பகுதிக்குத் தளபதியாக இருந்தவர் ரெஜினால்ட் டயர். மூன்றே ஆண்டுகளில் ஜாலியன்வாலா பாக் தோட்டத்தில் சுட உத்தரவிட்ட அதே டயர். சர்ஹத் பழங்குடிகளை அடக்கிய பெருமையைப் பின்னாளில் ஒரு புத்தகமாகவே எழுதினார். அந்தக் காவல் வரிசைக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டுபோகக் குவெட்டாவிலிருந்து நீட்டிய ரயில்பாதைதான் இன்று ஜாஹிதான் வரை போகிறது.

இஸ்ஃபஹானிலிருந்து தெஹ்ரான் போகும் நெடுஞ்சாலையில் கோம் நகரின் பொன் குவிமாடம் தூரத்திலேயே தெரியும். 1915 நவம்பரில் இந்த யாத்திரைத் தலம் ஏறக்குறைய நாட்டின் தலைநகராகியிருக்கும். ஜெனரல் பாரதோவின் ரஷ்யப் படை காஸ்பியன் கரையில் அன்சலியில் இறங்கி, கஸ்வீன் தாண்டித் தலைநகரை நெருங்கியது. ஜெர்மன் தூதர் இளவரசர் ராய்ஸும் துருக்கித் தூதரும் கிளம்பிவிட்டார்கள். நாடாளுமன்றமான மஜ்லிஸின் உறுப்பினர்கள் பலர் கோமுக்கு வந்து தேசியப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். மன்னரும் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. நவம்பர் 15 அன்று மூட்டை கட்டியாயிற்று. கடைசி நேரத்தில் பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்கள் அரண்மனைக்கு வந்து பேசினார்கள். பதினேழு வயது மன்னர் தங்கிவிட்டார். பிறகு நாட்டுக்கு இரண்டு அரசுகள். தெஹ்ரானில் நேசநாடுகளின் நிழலில் ஒன்று; கோமிலிருந்து விரட்டப்பட்டுக் கடைசியில் கெர்மான்ஷாவில் ஜெர்மன் பணத்தில் ஒன்று.

தெஹ்ரானில் ஃபெர்தவ்ஸி தெருவில் நடந்தால் இந்தக் கதை மாந்தர் எல்லோரையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் தூதரகம், ஜெர்மன் தூதரகம், துருக்கித் தூதரகம். பக்கத்திலேயே ரஷ்யத் தூதரகத்தின் நீண்ட மதில். 1943-இல் ஸ்டாலினும் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கூடியதும் இந்த மதில்களுக்குள்தான். மதில்களுக்கு வெளியே நாணயமாற்றுக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பொருளாதாரத் தடைகளால் வெளிநாட்டு வங்கி அட்டைகள் பெரும்பாலும் ஈரானில் செல்லாது. பயணி கட்டுக்கட்டாக ரொக்கம் சுமக்க வேண்டியதுதான்.

மேற்கே கெர்மான்ஷா, ஹமதான் பக்கம் இந்த முறை நான் போகவில்லை. அதிகம் நொறுங்கியது அந்தப் பாதைதான். 1916 பிப்ரவரியில் ரஷ்யர் கெர்மான்ஷாவைப் பிடித்தார்கள். ஏப்ரலில் கூட் அல் அமாராவில் பிரிட்டிஷ் இந்தியப் படை சரணடைந்ததும் கை ஒழிந்த துருக்கியர் திரும்பி வந்து கோடையில் கெர்மான்ஷாவையும் ஹமதானையும் எடுத்தார்கள். 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்த சமயத்தில் மறுபடி ரஷ்யர். 1918-இல் ரஷ்யர் கலைந்துபோக பிரிட்டிஷார். ஒவ்வொரு படையும் வயலில் நின்ற தானியத்தையும் வண்டி மாட்டையும் எடுத்துக்கொண்டு போனது. மழையும் பொய்த்தது. 1917-க்கும் 1919-க்கும் இடையில் வந்த பஞ்சத்திலும் தொடர்ந்த விஷக்காய்ச்சலிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. லட்சக்கணக்கில் என்பதில் சண்டை இல்லை.

போர் முடிந்து 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் பாரசீகம் தூதுக்குழு அனுப்பியது. நீங்கள் போரில் சேராத நாடு என்று சொல்லி உள்ளே விடவில்லை. நான்கு ஆண்டுகள் யாரும் மதிக்காத நடுநிலையை முதன்முதலாக மதித்த இடம் அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் தெஹ்ரானில் பிரதமரும் இரண்டு அமைச்சர்களும் சுமார் 1,31,000 பவுன் வாங்கிக்கொண்டு, படையையும் கஜானாவையும் பிரிட்டிஷ் ஆலோசகர்களிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். மஜ்லிஸ் அதை ஏற்கவே இல்லை. 1941 ஆகஸ்ட் 25 அன்று, மறுபடியும் நடுநிலை அறிவித்திருந்த ஈரானுக்குள் பிரிட்டனும் ரஷ்யாவும் மறுபடியும் நுழைந்தன. தெற்கிலிருந்து வந்தவை மறுபடியும் இந்திய டிவிஷன்கள்.

தெஹ்ரானின் வடக்கே கோல்ஹக் பகுதியில், பிரிட்டிஷ் தூதரகத்துக்குச் சொந்தமான தோட்டத்துக்குள் ஒரு போர்க் கல்லறையும் நினைவுச் சுவர்களும் உண்டு. முன் அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது. நான் மதிலோரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். முதல் உலகப் போரில் இந்த நாட்டில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத 3,500-க்கும் மேற்பட்டோருக்கான சுவர்கள் அவை. பெரும்பாலானோர் இந்தியப் படையினர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் பக்கத்து மெசபடோமியாவில் பாலமும் சாலையும் போட்டவர்கள். வேலூர், திருச்சி, நெல்லைப் பக்கம் பழைய பட்டாளத்துக் குடும்பங்களில் ‘பாஸ்ரா போன தாத்தா’ என்று ஒருவர் இருப்பார், ஒரு பதக்கமும் இருக்கும். பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் படைப்பிரிவையும் குறித்துக்கொண்டு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். திரும்பி வராதவர் எனில், எந்த நினைவிடத்தில் அவரை நினைவுகூர்கிறார்கள் என்பது அதில் கிடைக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை.